நாலுக்கு ஒரு வெள்ளைச் சங்குப்பூ

என் மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான் மதுரையில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கி, சென்னைக்குப் போய் ஒரு வருஷம் பி.டி. என்கிற வாத்தியார் பயிற்சியும் முடித்தவன். எங்கள் இருவரில் விஞ்ஞானம் யாருக்குத் தெரியும் என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். அவள் சிரித்திருக்க மாட்டாள், அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐம்பதுகளின் கடைசியில், நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், அவள் ஒரு வருஷம் சங்குப்பூக் கொடி வளர்த்து அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாள். அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக இதில் அதிகம் இருக்காது.

கடலாடியிலிருந்து ஏர்வாடிக்குப் போகிற சாலையில், கடல் காற்றில் உப்பு வாடை அடிக்கிற தூரத்தில் ஓர் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை. சாலையை ஒட்டி ஓட்டு வீடு, முன்னால் முள்வேலி, பின்னால் உப்புக் கிணறு. வீட்டில் நான், மனைவி, என் அக்கா. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். அக்கா கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாலியை இழந்து திரும்பி வந்து, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டவள். மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். அவள் கிழித்த கோட்டை நான் தாண்டியதில்லை. அதை நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி பயம்தான்.

நான் சென்னையில் பி.டி. படித்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு வந்து போனேன். ஐப்பசியில் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளைக்குக் கண்ணின் நிறம் உடனே தெரியாது, மூன்று மாதம் ஆகும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். மூன்று மாதம் ஆனதும் தெரிந்தது. பூனைக்கண். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். எங்கள் வீட்டிலும் சரி, அவள் வீட்டிலும் சரி, யார் கண்ணைப் பார்த்தாலும் நாவற்பழம்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெள்ளைக்காரத் துரைசாணி என்று பிள்ளையைக் கொஞ்சினார்கள். அக்கா கொஞ்சவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், மை வைப்பாள், தொட்டிலை ஆட்டுவாள். வாசலைத் தாண்டி மட்டும் தூக்கிக்கொண்டு போகமாட்டாள்.

காரணம் இருந்தது. நான் சென்னையில் இருந்தபோது, ரோடு போட வந்த ஓவர்சியர் ஒருவர் பக்கத்து வீட்டை ஆறு மாதம் வாடகைக்கு எடுத்திருந்தார். அவருக்குப் பூனைக்கண். குடிக்கத் தண்ணீர் கேட்டு இரண்டு மூன்று தடவை எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். தண்ணீர் ஊற்றியது அக்கா. அதை அக்கா மறந்துவிட்டாள். வந்தவருடைய கண் மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

தை மாதம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. நான் உள் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அக்கா கேட்டுவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கண் எந்த வீட்டுக் கண் என்று கேட்டாள். ரெண்டு பக்கமும் கருப்பா இருக்கையில இப்படி ஒண்ணு வர முடியாதே என்றாள். அம்மி அரைப்பது நின்றது. பிறகு என் மனைவியின் குரல் கேட்டது. அதில் அழுகையும் இல்லை, உரசலும் இல்லை.

"இது உங்க தம்பி பிள்ளை, மதினி. நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். இந்த வீட்டுல இந்தப் பிள்ளையை நெஞ்சாரத் தூக்காதவுக இருந்தா, அடுத்த தைக்கு மேல நான் இங்கன இருக்க மாட்டேன். எங்க அய்யா வீட்டுக்குப் போயிருவேன்."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போய், அக்கா, வாயை மூடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. தாளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். என்ன எழுதியிருந்தது, என்ன மதிப்பெண் போட்டேன் என்று எதுவும் தெரியாமல் திருத்தினேன். இன்றைக்கு வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கும் சந்தேகம் இருந்தது. அக்கா விரல்விட்டு எண்ணிய மாதக் கணக்கை நானும் தனியாக எண்ணிப் பார்த்திருந்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. நான் சந்தேகப்படுவது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். வழக்கம்போலச் சிரித்தேன், சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன். ஒன்றும் கேட்காமல் இருப்பதே பெருந்தன்மை என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஒரு வாரம் போயிருக்கும். பரணில் கிடந்த என் கல்லூரி நோட்டை அவள் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. பட்டாணிச் செடியை வைத்துக் கணக்குப் போட்ட ஒரு பாதிரியாரைப் பற்றி அதில் நான் எழுதி வைத்திருந்தேன். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்தால் என்ன வரும், அதன் பிள்ளைகளில் என்ன வரும் என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தேன். ஆங்கிலம் அவளுக்குத் திக்கித் திக்கித்தான் வரும். ஆனால் கட்டத்துக்கு மொழி எதற்கு? விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினாள். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். முதல் தலைமுறையில் எல்லாம் சிவப்பு, அடுத்ததில் வெள்ளை திரும்பி வருகிறது என்றால், நடுவில் அந்த வெள்ளை எங்கே இருந்தது?

கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் எவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. கட்டத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு வித்து வருகிறது. ஒன்று வலுத்தது, ஒன்று மெலிந்தது. மெலிந்தது வலுத்ததன் பக்கத்தில் வாயைத் திறக்காது, ஆனால் செத்துப் போகாது. இன்னொரு மெலிந்ததோடு சேரும்போதுதான் வெளியே தெரியும் என்று விளக்கினேன். நீயும் நானும் கருப்பாக இருந்தாலும் நம் பாட்டன் பூட்டன் யாரோ ஒருவருடைய நிறம் நமக்குள் இருக்கலாம் என்றுகூட ஓர் உதாரணம் சொன்னேன். எதற்காகக் கேட்கிறாள் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காயை அன்றைக்கு அவள்தான் கறிக்கு வாங்கிப் போனாள்.

அவள் பிறந்த ஊர் கடலாடிக்கு வடக்கே, முண்டு மிளகாய் விளைகிற ஊர். அவள் அய்யா விதைக்கு விடும் செடியைத் தனியாக வேலி கட்டி வளர்ப்பவர். பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் விதை கெட்டுவிடும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் அவளுக்கு முதலில் வந்த யோசனையே சுத்தமான விதை எது என்பதுதான். எங்கள் முள்வேலியில் நீலச் சங்குப்பூ மூன்று வருஷமாகப் படர்ந்து கிடந்தது. அதில் வெள்ளை ஒன்றுகூடப் பூத்ததில்லை. வேலி ஓரத்திலேயே தனியாக ஒரு வெள்ளைச் சங்குக் கொடி. அதன் வேர் மருந்துக்கு ஆகும் என்று அவள் பிறந்த வீட்டிலிருந்து விதை கொண்டுவந்து போட்டது. அவள் அய்யா வீட்டிலும் அது எந்தக் காலத்திலும் வெள்ளையாகவே பூக்கும். இரண்டும் சுத்தம் என்று அவளே முடிவு செய்தாள். எனக்குத் தோன்றியிருந்தால் புத்தகத்தைப் புரட்டியிருப்பேன்.

சங்குப்பூவில் ஒரு சிக்கல் உண்டு. பூ விரிவதற்கு முன்னால், மூடிய மொட்டுக்குள்ளேயே அதன் சூல் தன் மகரந்தத்தை வாங்கிக்கொண்டுவிடும். வேறு பூவின் மகரந்தத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், மறுநாள் விரியப்போகிற மொட்டை முந்தின சாயங்காலமே பிரித்து, உள்ளே இருக்கிற பத்து மகரந்தப் பைகளையும் எடுத்துவிட வேண்டும். சூல்முடியில் கீறல் விழக்கூடாது. கல்லூரியில் ஆய்வக இடுக்கியை வைத்துக்கொண்டு நான் இதே வேலையைப் பட்டாணியில் செய்து மூன்று மொட்டைக் கந்தலாக்கினேன். இவள் முள்வாங்கியை எடுத்தாள். எங்கள் பக்கம் காலில் கருவேல முள் ஏறாத நாள் கிடையாது, முள்வாங்கி இல்லாத வீடும் கிடையாது. அதன் நுனியை அம்மிக்கல்லில் தீட்டி ஊசியாக்கிக்கொண்டாள்.

அவள் அந்த வேலையைச் செய்ததை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். வெள்ளைக் கொடியின் மொட்டை இடது கை இரண்டு விரலில் பிடிப்பாள், நகத்தால் மெல்லக் கீறுவாள். பத்துப் பையையும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து எண்ணுவாள். ஒன்பதுதான் இருந்தால் அந்த மொட்டையே கிள்ளி எறிந்துவிடுவாள். பிறகு என் பழைய வேட்டித் துணியில் தைத்த விரலளவு பையை மொட்டுக்கு மாட்டிக் கட்டுவாள். மறுநாள் விடிந்ததும் நீலப்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, அதன் தூளை வெள்ளையின் சூல்முடியில் தடவுவாள். அவ்வளவும் ஆன பிறகு காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டுவாள். சிவப்பு நூல் இருந்தால் கலந்தது என்று அடையாளம். மாசி மாதம் பதினோரு பூவுக்குக் கட்டினாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருநாள் உதவப் போய் ஒரு மொட்டைக் கிழித்தேன். அடுத்த நாளிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் எனக்கு.

பதினொன்றும் கட்டி முடித்த அன்றைக்கு அவள் அக்காவைக் கூப்பிட்டு வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இந்த விதையெல்லாம் வெள்ளைக் கொடியில் விளைந்தாலும் அத்தனையும் நீலமாகத்தான் பூக்கும் என்றாள். அந்த நீலத்தின் விதையைப் போட்டால் நாலுக்கு ஒன்று வெள்ளையாகப் பூக்கும், அதாவது தாயும் நீலம், தகப்பனும் நீலம், பிள்ளை மட்டும் வெள்ளை என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கும் உறைத்தது. பூவும் மனுஷனும் ஒண்ணாடீ என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணில்லைதான் மதினி. வர முடியாதுன்னு சொன்னீங்க. வர முடியும்னு காட்டுறேன். அம்புட்டுத்தான்."

கண்ணின் நிறம் ஒரே ஒரு ஜோடி வித்தில் அடங்குகிற சமாசாரம் அல்ல, அது இன்னும் சிக்கலானது என்று பின்னால் வந்த புத்தகங்களில் படித்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அதற்காகத் திருத்த வேண்டியதில்லை. தெரிந்ததற்கு மேல் ஒரு விரற்கடை அவள் பேசவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் அப்படிப் பேசுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிறது ஏர்வாடி தர்காவுக்குப் போகிற சாலை. வியாழக்கிழமை ஆனால் வண்டி கட்டியும் நடந்தும் சனங்கள் போவார்கள். முஸ்லிம்கள், இந்துக்கள், மனநிலை சரியில்லாத மகனைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகிற தாய்மார், பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. அவர்கள் கண்ணில் வேலி ஓரத்து வெள்ளைச் சங்குக் கொடியும் அதில் கட்டியிருந்த சிவப்பு நூலும் பட்டிருக்கிறது. வெள்ளைச் சங்கு என்பதே கிடைப்பதற்கு அரிது, அதில் நூல் வேறு கட்டியிருந்தால் என்ன அர்த்தம்? யாரோ நேர்ந்துகொண்டு கட்டியிருக்கிறார்கள், இது வரம் கொடுக்கிற கொடி. முதல் வியாழன் ஒரு பெண் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், இவள் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சைக்கிளை விட்டு இறங்கும்போது கொடியில் பூவைவிட நூல் அதிகமாக இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை. யாரோ ஒருவர் சின்னப் பூட்டு ஒன்றையும் தொங்கவிட்டிருந்தார். கொடியடியில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தனையையும் பிய்த்து எறியப் போனேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். என்னென்ன கஷ்டத்துக்குக் கட்டினார்களோ, அதைப் பிய்க்க நாம் யார் என்றாள். சரி, இப்போது எது உன் நூல், எது அவர்கள் நூல் என்று கேட்டேன். சிவப்பு மட்டும் இருபதுக்கு மேல் இருந்தது. பூ வாடி உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிட்டதால் காயைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அவள் கொடியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். வேலிக்கு உள்பக்கம், சாலையில் போகிறவர் கை எட்டாத இடத்தில் இருந்த மூன்று காய்களை மட்டும் காட்டினாள். இது மூன்றும் தன்னுடையது என்று அடித்துச் சொல்ல முடியும், மற்றது எதையும் எடுக்க மாட்டேன் என்றாள்.

மூன்று காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாவரவியல் பட்டதாரி ஒரு யோசனை சொன்னேன். சிவப்பு நூல் கட்டின எல்லாக் காயையும் விதைப்போம், நீலம் பூத்தால் அது நீ கலந்தது, வெள்ளை பூத்தால் அது யாரோ கட்டின வெறும் காய், அதைக் கழித்துவிடலாம் என்றேன். எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்திருந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப, நமக்கு ஒத்து வாரதச் சேத்துக்குவோம், ஒத்து வராததக் கழிச்சிருவோம். அது கணக்கா? சந்தேகம்னு வந்துட்டா அது சாட்சிக்கு ஆகாதுங்க."

பல வருஷம் கழித்து, ஆராய்ச்சி செய்கிறவர்கள் வழுக்கி விழுகிற பள்ளம் இதுதான் என்று ஒரு பேராசிரியர் மேடையில் அரை மணி நேரம் பேசக் கேட்டேன். என் மனைவி அதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. அன்றைக்கு அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. சந்தேகம் என்ற சொல் மட்டும் முள்ளாய்த் தைத்தது. அந்தப் பார்வையில் வேறு ஏதோ இருந்ததோ என்று தோன்றியது. இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று காயில் பதினெட்டு விதை. சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி. ஒவ்வொன்றையும் கல்லில் லேசாக உரசி, ஒருநாள் ஊறவைத்து, சித்திரையில் போட்டாள். சித்திரையில் எங்கள் ஊரில் செடி வைக்கிறவனைப் பைத்தியம் என்பார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் செடி கருகிவிடும். நல்ல தண்ணீருக்கு முக்கால் மைல் நடந்து, மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் கோரிக் குடம் நிரப்ப வேண்டும். குடிக்க, சமைக்கப் போகச் செடிக்கு ஏது? அரிசி களைந்த தண்ணீர், பிள்ளையைக் கழுவின தண்ணீர், கடைசியாக வாய்கூடக் கொப்பளிக்காமல் மிச்சம் பிடித்த தண்ணீர். எல்லாவற்றையும் ஒரு சட்டியில் சேர்த்துச் செடிக்கு அரைச் சிரட்டை வீதம் ஊற்றினாள். போதாத நாளில் இன்னொரு நடை போனாள். நான் போகட்டுமா என்று கேட்டதுண்டு. வாத்தியார் குடம் தூக்கினால் ஊர் சிரிக்கும் என்று அக்கா சொன்னாள், நானும் சௌகரியமாக அதைக் கேட்டுக்கொண்டேன்.

பதினெட்டில் பதினாலு பிழைத்தது. ஆடி பிறந்ததும் பூத்தது. பதினாலும் நீலம். வெள்ளைக் கொடியில் விளைந்த விதை, ஒன்றுகூட வெள்ளையில்லை. அவள் சொன்னது சொன்னபடி நடந்தது. தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் செடிக்கு ஒரு கோடு வீதம் போட்டு வைத்தாள். எனக்குப் புல்லரித்தது. பாடத்தில் ஆயிரம் தடவை சொன்ன சங்கதிதான், கண் முன்னால் ஒரு தடவைகூட நடந்ததில்லை. அக்காவோ, வெள்ளை செத்துப்போச்சு, இனி எங்கிருந்து வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். குரலில் அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது.

வேலியில் பழைய கொடிகளை எல்லாம் அவள் அதற்கு முன்பே வெட்டிவிட்டிருந்தாள், தூள் கலந்துவிடக் கூடாது என்று. வெள்ளையை மட்டும் நேர்த்திக்கடன் நூல்களோடு விட்டுவைத்து, அதில் வந்த மொட்டுகளைத் தினமும் கிள்ளினாள். பதினாலு நீலத்திலும் வந்த மொட்டுகளுக்குத் துணிப்பை மாட்டி, தானாகக் காய்க்க விட்டு, விதை எடுத்தாள். புரட்டாசிக் கடைசியில் உடைந்த பானை, டால்டா டப்பா, ஓட்டைச் சட்டி என்று கிடைத்ததில் எல்லாம் மண் நிரப்பி நாற்பது விதை போட்டாள். மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது. இருந்தாலும் நாலைந்து அழுகியது, சிலதை ஆடு மேய்ந்தது. இருபத்தொன்பது தேறியது.

கார்த்திகை கடைசியில் முதல் பூ வந்தது. நீலம். இரண்டாவது நீலம். மூன்றாவது, நாலாவது நீலம். நாலுக்கு ஒன்று என்றாயே என்று அக்கா கேட்டாள். நாலு நாலாக எண்ணி வைத்துப் பூக்காது மதினி, எல்லாம் பூத்து முடியட்டும் என்றாள் இவள். ஏழும் நீலம். ஒன்பதும் நீலம். மார்கழி பிறந்துவிட்டது. தைக்கு ஒரு மாதம் கூட இல்லை. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அவள் டிரங்குப் பெட்டியைத் துடைத்து, பிள்ளையின் சட்டைகளை மடித்து உள்ளே வைத்ததை நான் பார்த்தேன்.

அந்த நாட்களில் விடிவதற்கு முன்னால் எழுந்து டப்பாக்களுக்கு முன்னால் போய் உட்காருவேன். மொட்டின் நுனியைப் பார்த்தே நிறத்தைக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் பூவைப் பார்க்கவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவள் சொன்னது உண்மை என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஒன்பது பையைக் கண்டால் மொட்டையே எறிகிறவள், எட்டுக் காயை வேண்டாம் என்று விடுகிறவள், என்னிடம் பொய் சொல்வாளா? அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து மாதமும் நாற்பது டப்பாவும் வேண்டியிருந்தது.

பத்தாவது செடி வெள்ளை பூத்தது. ஒரு டால்டா டப்பாவில், ஆடு கடித்த பாதிக் கொடியில், சுத்தமான வெள்ளை. நான் கத்தியதில் அக்கா ஓடி வந்தாள். பூவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இந்தச் செடிக்குத் தாய் எது என்று கேட்டாள். என் மனைவி நீலக் கொடியைக் காட்டினாள். தகப்பன்? அதுவும் நீலமே என்றாள். அக்கா அந்த வெள்ளை இதழை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவில் இறங்கி, கடைசி வீடு வரைக்கும் நடந்தாள். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் நின்று பேசினாள். திரும்பி வந்து பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, என்னை மன்னிச்சிரு தாயி என்றாள். அக்கா என் வாழ்நாளில் வேறு யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மார்கழி முடிவதற்குள் எல்லாம் பூத்தது. இருபத்தொன்பதில் ஆறு வெள்ளை. கணக்குக்கு ஒன்றிரண்டு குறைவு, ஆனால் சின்ன எண்ணிக்கையில் அப்படித்தான் வரும் என்று அவளிடம் சொன்னேன். அதையும் காலண்டர் தாளில் எழுதி வைத்தாள். எங்கள் இரண்டு குடும்பத்தில் யாருடைய கண் பிள்ளைக்கு வந்தது என்பது கடைசி வரை தெரியவில்லை. தேடவும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள், வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம். டிரங்குப் பெட்டி இன்னும் அதே இடத்தில் இருந்தது, பிள்ளையின் சட்டைகளும் உள்ளேதான் இருந்தன. அக்காதான் மனம் மாறிவிட்டாளே, மன்னிப்பும் கேட்டுவிட்டாளே, இனிமேல் எதற்குப் பெட்டி என்று நான் கேட்டேன். அவள் மட்டையைச் சுண்ணாம்புச் சட்டியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மதினிக்காகவா நான் இம்புட்டும் செஞ்சேன்னு நெனச்சீங்க? அவுக நேரா என்னைக் கேட்டாக, நானும் நேராச் சொல்லிட்டேன். அது அன்னைக்கே முடிஞ்சு போச்சு. நீங்க கேக்கவே இல்லையே. கேக்காதவுகளுக்கு நான் எப்படிங்க பதில் சொல்றது?"

கையில் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை, உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல், மட்டையைச் சட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

"இதைப் போன தையிலேயே சொல்லியிருந்தா, எனக்கு அம்புட்டுக் குடம் மிச்சமாயிருக்கும்" என்றாள்.